ப்ளூ நோட் பழைய அச்சு: லேபிளை நம்புவதா, டெட் வேக்ஸை நம்புவதா?

புதுஊசி:
வணக்கம். ப்ளூ நோட் என்ற ஜாஸ் கம்பெனி வெளியிட்ட, ட்ரம்பெட் கலைஞர் லீ மார்கனின் 'தி சைட்வைண்டர்' மோனோ இசைத்தட்டு, பிஎல்பி 4157, ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. படங்களில் தெரிவது இவ்வளவு: நீல-வெள்ளை லேபிள், அதில் 'நியூயார்க் யுஎஸ்ஏ' முகவரி. டெட் வேக்ஸில் (பாட்டு முடிந்து லேபிள் வரை உள்ள வெற்றுப் பகுதி) 'வேன் கெல்டர்' முத்திரை தெளிவாக இருக்கிறது. எல்லாரும் சொல்லும் 'காது' என்ற குறி மட்டும் இரண்டு பக்கத்திலும் காணோம். டீப் க்ரூவும் இல்லை. விற்பவர் '1964 முதல் அச்சு, தரம் விஜி பிளஸ்' என்கிறார். விலையும் முதல் அச்சு விலைதான். வாங்கலாமா? என்னிடம் இருப்பது ஆடியோ டெக்னிகாவின் ஏடி-விஎம்95இ ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருந்திய தலை). மோனோ கார்ட்ரிட்ஜ் இல்லை.

காதுக்குறி:
முதல் அச்சு இல்லை. அந்த விலைக்கு வாங்காதீர்கள்.

காரணம் இதுதான். ப்ளூ நோட் தட்டுகளை 1966 வரை அச்சடித்துக் கொடுத்தது நியூ ஜெர்சியில் இருந்த பிளாஸ்டிலைட் ஆலை. நீங்கள் தேடும் காது, அந்த ஆலை தன் அடையாளமாகப் போட்ட கையெழுத்து 'பி', பார்க்கக் காது போல இருக்கும். ப்ளூ நோட், லிபர்ட்டி என்ற ரெக்கார்ட் கம்பெனியின் கைக்குப் போனதும் அச்சு வேலை லிபர்ட்டியின் சொந்த ஆலைகளுக்கு மாறியது: கிழக்கே ஆல் டிஸ்க், மேற்கே ரிசர்ச் கிராஃப்ட். ஆனால் பழைய நியூயார்க் முகவரி லேபிள்கள் கட்டுக்கட்டாக மிச்சம் இருந்தன. தீரும் வரை அவற்றையே புதுத் தட்டுகளிலும் போட்டு அழுத்தினார்கள். அதனால்தான் லேபிள் 1964 என்கிறது, தட்டு 1966க்குப் பிறகு என்கிறது. இரண்டும் முரண்பட்டால் தட்டைத்தான் நம்ப வேண்டும்.

'வேன் கெல்டர்' முத்திரை இருப்பதில் வியப்பில்லை. அது ஒலிப்பதிவாளர் ரூடி வேன் கெல்டர் லாக்கர் (ஒலி முதலில் வெட்டப்படும் மூலத் தட்டு) வெட்டும்போதே குத்தியது. லாக்கரிலிருந்து எடுத்த உலோக அச்சு எந்த ஆலைக்குப் போனாலும் முத்திரையும் கூடவே போகும். முத்திரை சொல்வது வெட்டியவர் யார் என்பதை. காது சொல்வது அழுத்திய ஆலை எது என்பதை. பெரும்பாலான குழப்பம் இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் வருவது.

டீப் க்ரூவ் இல்லாததை இந்தத் தட்டுக்குக் குறையாகச் சொல்ல முடியாது. லேபிளில் அழுந்தியிருக்கும் அந்த வட்டப் பள்ளம் பழைய வகை அச்சுக் கட்டையின் தடம். 1961 வாக்கில் அந்தக் கட்டைகள் ஒதுக்கப்பட்டன. பிறகும் எப்போதாவது ஒரு பக்கத்தில் மட்டும் தென்படும். 1964 தட்டில் அதைத் தேடத் தேவையில்லை. 1957 தட்டில் இல்லை என்றால் சந்தேகப்படலாம்.

ஓரச்சுழல்:
காது இல்லை என்று முடிவு கட்டும் முன் ஒன்று. அது பல சமயம் மிக மெலிதாகப் பதிந்திருக்கும். மேலிருந்து ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் விழவே விழாது. விற்பவரை இப்படி எடுக்கச் சொல்லுங்கள்:

அறை விளக்கை அணைத்துவிட்டு, கைபேசி டார்ச்சைத் தட்டின் மட்டத்திலிருந்து கொஞ்சமே உயர்த்தி, பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். தட்டைக் கால் சுற்றாகத் திருப்பித் திருப்பி ஒரு பக்கத்துக்கு நான்கு படம். மேட்ரிக்ஸ் எண் (டெட் வேக்ஸில் உள்ள அடையாள எண்) இருக்கும் இடத்தை மட்டும் எடுத்து அனுப்புவார்கள். காது அதற்கு நேர் எதிரில்கூட இருக்கலாம். கையில் தட்டு இருந்தால் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லூப் லென்ஸ் போதும்.

முத்திரையின் வடிவத்தையும் பாருங்கள். 1950களில் கையால் கீறிய 'ஆர்விஜி'. பிறகு அதே மூன்றெழுத்து முத்திரையாக, ஸ்டீரியோ என்றால் 'ஆர்விஜி ஸ்டீரியோ' என்று. ஏறத்தாழ 1962இலிருந்து முழுப்பெயர் 'வேன் கெல்டர்'. 1957 தட்டு ஒன்றில் முழுப்பெயர் முத்திரை இருந்தால், அந்தப் பக்கம் பிற்பாடு புதிதாக வெட்டப்பட்டது என்று பொருள். லேபிளில் எந்த முகவரி இருந்தாலும் சரி.

புதுஊசி:
நன்றி, நல்லவேளை கேட்டேன். அந்த முகவரிகளின் வரிசையையும் ஒருமுறை சொல்ல முடியுமா? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

ஓரச்சுழல்:
பன்னிரண்டு அங்குல எல்பிக்கு மட்டும் சொல்கிறேன்.

1501இல் தொடங்கும் வரிசையின் முதல் சில டஜன் தட்டுகளில் '767 லெக்சிங்டன் அவென்யூ'. 1957இல் '47 வெஸ்ட் 63' வருகிறது. முதலில் 'என்ஒய்சி' என்றும், 'நியூயார்க் 23' என்றும் இரண்டு விதமாக. 1959 வாக்கில் அதே லேபிளில் 'இன்க்' என்ற சொல்லும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் சேர்கின்றன. 1962 சுமாரில் தெரு முகவரி போய் வெறும் 'நியூயார்க் யுஎஸ்ஏ'. 1966இல் 'எ டிவிஷன் ஆஃப் லிபர்ட்டி'. 1970களில் அடுத்த உரிமையாளர் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸின் பெயர்: சில காலம் நீலம்-வெள்ளை, பிறகு முழு நீலம்.

ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பழைய லேபிள் தீரும் வரை கலந்து போட்டிருக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. சாக்ஸபோன் கலைஞர் ஹாங்க் மோப்லியின் 1568 இதற்குப் பேர்போனது. அசல் அச்சிலேயே ஒரு பக்கம் 'என்ஒய்சி', மறுபக்கம் 'நியூயார்க் 23' இருக்கும். இரண்டு பக்கம் இரண்டு முகவரி என்பதால் 'போலி' என்று ஒதுக்கியவர்களும் உண்டு, உலகத்திலேயே விலை கூடிய ஜாஸ் தட்டுகளில் ஒன்றை.

அட்டையும் உறையும் துணைச் சாட்சிதான். '27 ஆண்டுகள்' என்று விளம்பரம் போட்ட உள்ளுறை 1966ஐச் சேர்ந்தது (ப்ளூ நோட் தொடங்கிய 1939உடன் 27ஐக் கூட்டுங்கள்). ஆனால் உள்ளுறையை யாரும் மாற்றி வைக்கலாம். காது உள்ள பழைய தட்டு லிபர்ட்டி காலத்து அட்டையில் இருப்பதும் சகஜம், கிடங்கில் மிச்சம் இருந்ததை அப்படித்தான் தள்ளினார்கள்.

யாழ்வினைல்:
எல்லாரும் அச்சு வரலாறு கதைக்கிறியள், சரி. புதுஊசி கேக்கிறதுக்கு வாங்கிறாரா, சேர்த்து வைக்கிறதுக்கோ? கேக்கிறதுக்கு எண்டால் நான் வேற வழி சொல்லுவன்.

காது இல்லாத, ஆனா வேன் கெல்டர் முத்திரை உள்ள லிபர்ட்டி, யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் தட்டுகளைத் தேடுங்கோ. அதே லாக்கரில இருந்து வந்த உலோகம். முதல் அச்சில நீங்கள் கேக்கிற அந்த ட்ரம்பெட்டின்ர வெட்டு, டிரம்மின்ர உதை, ரெண்டும் இதிலயும் இருக்கும். வித்தியாசம் வினைலில. லிபர்ட்டி காலத்துத் தட்டு எடை குறைவு, சிலதில தொடக்கத்தில இருந்தே மெல்லிய இரைச்சல் இருக்கும். விலை முதல் அச்சின்ர ஒரு துண்டுதான். முழு நீல லேபிளைப் பார்த்தவுடன தூக்கி வைக்கிற ஆக்கள் நிறைய, அதால அதுக்குள்ள முத்திரை இருக்கிறதும் தெரியாமல் கிடக்குது.

ஒண்டு மட்டும் தவிருங்கோ. 1500 வரிசை மோனோ ஒலிப்பதிவுகளை லிபர்ட்டி ஆக்கள் மின்னணு முறையில ஸ்டீரியோ மாதிரி ஆக்கி 81500 எண்ணில விட்டவை. அட்டையில சின்ன எழுத்தில போட்டிருக்கும். ஒரு பக்கம் கனத்த சத்தம், மற்றப் பக்கம் கீச்சு. மோனோ பொத்தானை அமத்தினாலும் பழையபடி ஆகாது, வடிகட்டினது வடிகட்டினதுதான்.

மோனோவாதி:
புதுஊசி, 81500இல் எல்லாமே அப்படி இல்லை. வேன் கெல்டர் 1957 வசந்தத்திலிருந்து இரண்டு தட டேப்பிலும் பதிவு செய்யத் தொடங்கிவிட்டார். அதற்குப் பிந்தைய 1500 எண்கள் சிலவற்றின் ஸ்டீரியோ உண்மையான ஸ்டீரியோ. எடுத்துக்காட்டு 1595, கேனன்பால் ஆடர்லி பெயரில் வந்த 1958 மார்ச் பதிவு. அதன் ஸ்டீரியோவைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஒலிப்பதிவு நாள் 1957 மார்ச்சுக்கு முன்பா பின்பா என்று மட்டும் பாருங்கள்.

ஆனால் பெரிய வாதம் 4000 வரிசையில். 1958 இறுதியோடு அவர் தனி மோனோ டேப் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். அதன்பின் மோனோ தட்டு என்பது ஸ்டீரியோ டேப்பின் இரண்டு தடங்களையும் சமமாகக் கலந்து வெட்டியது. 4157 மோனோவுக்குக் கூடுதல் விலை கேட்டு, 'அசல் மோனோ மிக்ஸ்' என்று சொன்னால் அப்படி ஒன்று கிடையாது. அதன் ஸ்டீரியோ அச்சான 84157ஐ வாங்கி ஆம்பில் மோனோ பொத்தானை அழுத்தினால் கிட்டத்தட்ட அதேதான்.

அதற்காக மோனோ வீண் என்று சொல்லவில்லை. ஸ்டீரியோவில் ட்ரம்பெட் ஒரு ஓரம், டெனர் சாக்ஸபோன் மறு ஓரம், நடுவில் ஒன்றுமில்லாத அந்தக் காலத்து அமைப்பு. மோனோவில் ஐந்து பேரும் ஒரே இடத்தில் நின்று வாசிப்பது போல இறுகிக் கேட்கும். வேன் கெல்டரே பதிவறையில் ஒற்றை ஸ்பீக்கரில் கேட்டுக் கலந்தவர். 1501ஆம் எண் தட்டில் தொடங்கி 1957 தொடக்கம் வரையிலான பதிவுகளுக்கு மோனோ தவிர வேறு வழியில்லை, அவைதான் நம் பணத்துக்கு அதிகம் தகுதியானவையும்கூட.

காதுக்குறி:
'கிட்டத்தட்ட அதேதான்' என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. டேப் ஒன்றுதான், ஆனால் லாக்கர் வேறு. மோனோவைப் போலப் பக்கவாட்டு அசைவு மட்டும் உள்ள பள்ளத்தை இன்னும் உரக்க வெட்ட முடியும். செங்குத்து அசைவு இல்லை, ஊசி துள்ளும் பயமில்லை. 1964 மோனோ தட்டின் ஒலியளவு அதே பதிவின் ஸ்டீரியோவைவிடக் கூடுதலாக இருப்பதைக் கேட்டாலே தெரியும். பின்னணி இரைச்சல் அந்த அளவுக்குக் கீழே போகிறது.

மோனோவாதி:
அது சரி. லாக்கரை மறந்துவிட்டுப் பேசினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை வித்தியாசத்துக்கு அது போதுமா என்பதில் மட்டும் என் கருத்து மாறவில்லை.

கம்பிக்காரர்:
ஏடி-விஎம்95இ வைத்திருப்பவர் மோனோவுக்கு என்ன செய்யணும்னு யாரும் சொல்லல. சொல்றேன்.

மோனோ தட்டுல இசை முழுக்க பக்கவாட்டு அசைவுல. தூசி, தேய்மானம், கீறல் இதெல்லாம் செங்குத்தாவும் ஊசியை ஆட்டும். ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் ரெண்டையும் எடுத்துக் கொடுக்கும். இடதும் வலதும் கூட்டினா செங்குத்துப் பகுதி ஒண்ணை ஒண்ணு அடிச்சிடும், இசை அப்படியே நிக்கும். பழைய தட்டுல இரைச்சல் பாதியாக் குறைஞ்ச மாதிரி இருக்கும்.

ஆம்பில் மோனோ பொத்தான் இருந்தா வேலை முடிஞ்சது. இல்லேன்னா ரெண்டு ஒய் இணைப்பான். ஒண்ணு ரெண்டை ஒண்ணாக்கும், இன்னொண்ணு ஒண்ணை ரெண்டாக்கும். ரெண்டையும் முதுகோடு முதுகா சேர்த்து டர்ன்டேபிளுக்கும் ஃபோனோ ஸ்டேஜுக்கும் (ஊசியோட சின்ன சிக்னலைப் பெருக்குற பகுதி) நடுவுல போடுங்க. கார்ட்ரிட்ஜோட ரெண்டு காயிலும் (கம்பிச்சுருள்) பக்கம் பக்கமா இணையும்போது இண்டக்டன்ஸ் பாதியாகும். 47 கிலோ ஓம் உள்ளீடு ரெண்டு சேர்ந்து 23.5 ஆகும், கேபிள் கெபாசிட்டன்ஸ் இரட்டிக்கும். எல்லாம் ஒரே விகிதத்துல மாறுறதால டோன் மாறாது. எம்எம் (அசையும் காந்தம்) வகை கார்ட்ரிட்ஜுக்கு இது பத்திரமான வழி.

ஃபோனோ ஸ்டேஜுக்கு அப்புறம் ஒய் போடாதீங்க. அங்க ரெண்டு ஆம்ப் வெளியீட்டை நேரா ஒண்ணோட ஒண்ணு கட்டின மாதிரி ஆகும். சத்தம் சிதையும். மலிவான சாதனத்துல வெளியீட்டுப் பகுதி சூடாகவும் வாய்ப்பு.

தனி மோனோ கார்ட்ரிட்ஜ் வாங்குறதா இருந்தா டெனான் டிஎல்-102 இருக்கு. 3 கிராம் அழுத்தம், கனமான டோன்ஆர்ம் வேணும், இலேசான ஆர்ம்ல போட்டா ஒலி நடுங்கும். ஆர்டஃபான் 2எம் மோனோ 1.8 கிராம், சாதாரண ஆர்ம்லயே ஓடும். முதல்ல ஒய் போட்டுக் கேட்டுப் பாருங்க, பிறகு காசை எடுங்க.

புதுஊசி:
ஊசியின் அளவும் வேறு என்கிறார்களே? மோனோவுக்கு 1 மில் ஊசி கட்டாயமா?

கம்பிக்காரர்:
பழைய மோனோ எல்பிக்கு வழக்கமான அளவு 1 மில், 25 மைக்ரான். ஸ்டீரியோவுக்கு 0.7 மில், 18 மைக்ரான். 18 ஊசி மோனோ பள்ளத்துல கொஞ்சம் கீழ இறங்கி உட்காரும். அடியைத் தொடாது, கெடுக்காது. சொல்லப்போனா நல்லதுதான்: பழைய கனமான ஊசிங்க தேய்ச்ச உயரத்துக்குக் கீழ, தேயாத சுவரைப் படிக்கும். எம்எல் (மைக்ரோலீனியர்) ஊசி இன்னும் கீழ போகும். ஆனா அடியில தங்கின அழுக்கையும் அதுதான் முதல்ல தொடும். அதனால கழுவாத தட்டுல எம்எல் போட்டுட்டு 'இரைச்சல் கூடிடுச்சு'ன்னு புலம்பக் கூடாது.

78 சுழற்சி ஷெல்லாக் தட்டுக்கு மட்டும் 3 மில் ஊசி வேணும், அதுல விட்டுக்கொடுக்க முடியாது. உங்க விஎம்95 உடம்புலயே எஸ்பி ஊசியை மாத்திப் போடலாம், 5 கிராம் அழுத்தம்.

ஊசி ஆயுளுக்கு ஆடியோ டெக்னிகாவே சொல்ற கணக்கு: எலிப்டிகல் 300 மணி, கோனிகல் 500, மைக்ரோலீனியர் 1000. தேஞ்ச ஊசியில அரிய தட்டைப் போடுறது பணத்தைச் சுரண்டுறது.

மூன்றாம்பக்கம்:
விஜி பிளஸ் பற்றி யாரும் பேசவில்லையே. அந்த விலையில் முக்கியமான கேள்வி அதுதான்.

தட்டுச் சேகரிப்பாளர்கள் பின்பற்றும் கோல்ட்மைன் தர அளவில் என்எம் (கிட்டத்தட்டப் புதிது) விலை நூறு என்றால் விஜி பிளஸ் ஐம்பது, விஜி இருபத்தைந்து. 'ஜி' என்றால் நல்லது என்று எண்ண வேண்டாம், பத்து-பதினைந்துக்கு மேல் பெறாது. பிரிட்டிஷ் விற்பனையாளரின் 'இஎக்ஸ்' ஏறக்குறைய அமெரிக்காவின் விஜி பிளஸ். ஒரு படி தப்பினால் விலை பாதியாகிறது, அதனால்தான் படி தப்புகிறது.

1950, 60களின் ஜாஸ் தட்டுக்குக் கண்ணால் பார்த்த தரம் போதாது. கீறல் கண்ணுக்குத் தெரியும், பள்ளத் தேய்மானம் தெரியாது. அந்தக் காலத்து ஆட்டோசேஞ்சர்கள் (தட்டைத் தானே மாற்றும் பிளேயர்கள்) 5, 6 கிராமுக்கு மேல் அழுத்தி, தேய்ந்த ஊசியோடு ஓட்டியவை. தட்டு பளபளவென்று இருக்கும். ட்ரம்பெட் உச்சியில் ஏறும்போது 'ஷ்ர்ர்' என்று கிழியும். பியானோவின் ஒவ்வொரு அடியிலும் ஒரு நொறுங்கல். கழுவினால் போகாது, பள்ளமே போய்விட்டது.

இது பக்கத்தின் கடைசிப் பாட்டில்தான் முதலில் தெரியும். கணக்கு எளிது: 33⅓ சுற்றில் வெளி ஓரத்தில் பள்ளம் ஊசிக்கடியில் நொடிக்கு அரை மீட்டர் ஓடுகிறது. உள் ஓரத்தில் 21 சென்டிமீட்டர்தான். அதே அதிர்வு பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கப்படுகிறது. அதனால் விற்பவரிடம் முதல் பாட்டின் ஒலி கேட்காதீர்கள். இரண்டு பக்கத்திலும் கடைசிப் பாட்டின் உரத்த இடத்தில் முப்பது நொடி கேளுங்கள். அனுப்ப மறுத்தால் விஜி என்று எண்ணி விலை பேசுங்கள்.

கண்ணால் பார்க்கும்போது ஒன்று செய்யலாம். குண்டு பல்பு போன்ற ஒற்றை ஒளிக்குக் கீழே சாய்த்துப் பாருங்கள், குழல் விளக்கு கூடாது. கறுப்பு மங்கி, வரிவரியாகச் சாம்பல் பூத்த மாதிரி இருந்தால் அது தேய்மானம்.

ஓரச்சுழல்:
கூடவே: லேபிளின் நடுத்துளையைச் சுற்றி மெல்லிய கோடுகளைப் பாருங்கள். சுழல்தண்டு தேடித் தடவிய தடம் அது. கோடு நிறைய இருந்தால் தட்டு நிறைய ஓடியது. தட்டைத் துடைக்கலாம், அதைத் துடைக்க முடியாது.

சுடர்மாறன்:
அடுத்த கேள்வி. மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' கொலம்பியா கம்பெனியின் ஆறுகண் லேபிளில் (ஆறு கண் சின்னங்கள் உள்ளது), மேட்ரிக்ஸ் கடைசியில் 1ஏ இருந்தால் மட்டுமே முதல் அச்சு என்கிறார்களே?

காதுக்குறி:
கொலம்பியாவை ப்ளூ நோட்டின் கண்ணால் பார்க்கக் கூடாது. அது பெரிய கம்பெனி. வெவ்வேறு ஊர்களில் ஆலை. ஒரே நாளில் பல லாக்கர் வெட்டி ஆலைக்கு ஒன்றாக அனுப்புவார்கள். அதனால் 1டி, 1எஃப் என்று முடியும் தட்டும் 1ஏ வந்த அதே வாரத்தில் வந்திருக்கலாம். எழுத்தை மட்டும் பார்த்து விலை ஏற்ற வேண்டாம். மோனோ எண் சிஎல் 1355, ஸ்டீரியோ சிஎஸ் 8163. ஆறுகண் லேபிள் 1962 வாக்கில் இருகண்ணாகிறது.

ஆரம்பத் தட்டுகளுக்கு அச்சுப்பிழை நல்ல சாட்சி. அட்டையில் ஆடர்லியின் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கும். இரண்டாம் பக்கத்துப் பாட்டுகள் இரண்டும் வரிசை மாறி அச்சாகியிருக்கும்.

ஆனால் இதில் முதல் அச்சு என்பது கேட்பவருக்குப் பெருமை இல்லை. 1959 மார்ச் 2ஆம் தேதி பதிவில் மாஸ்டர் டேப் ஓடிய கருவி வேகம் குறைந்து ஓடியது. சரியான வேகத்தில் வாசித்தபோது சுருதி ஏறிவிட்டது. ஆக முதல் பக்கத்தின் மூன்று பாட்டும் அரை ஸ்வரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். ஏப்ரல் 22 பதிவான இரண்டாம் பக்கம் சரி. கூடவே ஓடிய இரண்டாவது கருவியின் டேப்பிலிருந்து எடுத்து 1992இல்தான் திருத்தினார்கள். தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழகுபவர்கள் 1992க்குப் பிந்தைய திருத்திய வெளியீட்டைத்தான் வாங்க வேண்டும். பழைய அச்சு இருந்தால், சுழல் வேகத்தைச் சுமார் 1.25 விழுக்காடு குறைக்க வழியுள்ள டர்ன்டேபிள் வேண்டும். அதுவும் முதல் பக்கத்துக்கு மட்டும்.

யாழ்வினைல்:
புது மறுவெளியீடுகளைப் பற்றியும் சொல்லிவிடுவம். ப்ளூ நோட்டின்ர டோன் போயட் வரிசை 2019இல தொடங்கினது. ஜோ ஹார்லி மேற்பார்வை, கெவின் கிரே அசல் அனலாக் டேப்பில இருந்து நேர வெட்டினது, அட்டையும் பழைய முறைக் கனத்த அட்டை. கிளாசிக் வினைல் வரிசையும் அதே கிரே வெட்டினதுதான், ஜெர்மனியில அச்சு, அட்டை சாதாரணம், விலை குறைவு. டெட் வேக்ஸில 'கேபிஜி@சிஏ' எண்ட கீறல் இருந்தால் அவர் வேலை. கிராஃப்ட் கம்பெனி ஆக்கள் 2023இல திரும்பத் தொடங்கின ஓஜேசி (ஒரிஜினல் ஜாஸ் கிளாசிக்ஸ்) வரிசைக்கும் அவர்தான், அதில பிரெஸ்டிஜ், ரிவர்சைட் எண்ட பழைய ஜாஸ் கம்பெனிகளின்ர பட்டியல் வருது.

பழைய வேன் கெல்டர் வெட்டில பாஸ் கீழ்ப்பக்கம் இறுக்கியிருக்கும், பியானோ ஒரு பெட்டிக்குள்ள இருக்கிற மாதிரி. அந்தக் காலத்து மலிவு பிளேயரில ஊசி துள்ளாமல் ஓட வேணும் எண்டு அவர் செய்தது. கிரேயின்ர வெட்டில பாஸ் முழுசா இறங்கும், பியானோ பெட்டியைவிட்டு வெளியில வரும். ட்ரம்பெட்டின்ர அந்த முகத்தில அடிக்கிற குணம் கொஞ்சம் குறையும். எது உண்மை எண்டு சண்டை பிடிக்கத் தேவையில்லை. பால் சேம்பர்ஸ் பாஸ் கேக்க வேணும் எண்டால் புதுசு, லீ மார்கனுக்குப் பழசு, இது என்ர தீர்ப்பு.

யப்பான் கிங் கம்பெனி 1977 தொடக்கம் 83 வரை விட்ட தட்டுகள் அமைதியில மிஞ்ச ஏலாது. ஆனா அவை கொண்டுபோன டேப் பிரதியில இருந்து வெட்டினவை, வேன் கெல்டர் லாக்கர் இல்லை. அமைதி வேணுமோ, உதை வேணுமோ எண்டு முடிவெடுத்து வாங்குங்கோ.

மூன்றாம்பக்கம்:
ஒரு எச்சரிக்கை சேர்க்கிறேன். ஐரோப்பாவில் ஒலிப்பதிவு உரிமை 50 ஆண்டாக இருந்து 70 ஆக்கப்பட்டபோது, 1962 இறுதி வரை வெளியானவை ஏற்கெனவே பொதுவில் விழுந்திருந்தன. அதனால் மாஸ்டர் டேப்பைக் கண்ணால் பார்க்காத கம்பெனிகள்கூட அவற்றைச் சட்டப்படியே அச்சடிக்கலாம். 180 கிராம், அழகான அட்டை, ஒலி சிடியிலிருந்து. எடையைப் பெரிதாகப் போட்டு, வெட்டியவர் பெயரையும் டேப் எது என்பதையும் போடாமல் இருந்தால் விட்டுவிடுங்கள். 180 கிராமால் ஒலி நன்றாகாது, தபால் செலவுதான் கூடும்.

ஈரத்துணி:
கழுவுவது பற்றி: வினைலுக்கு ஒரு லிட்டர் வடித்த நீர், அதில் ஃபோட்டோ ஃப்ளோ மாதிரி ஈரமூட்டி 5 மில்லிக்குக் கீழே. அந்த பாட்டிலிலேயே 1க்கு 200 என்றுதான் போட்டிருக்கும். கூடப் போட்டால் பள்ளத்தில் படலமாகக் காய்ந்து ஊசியில் ஒட்டும். மென்தூரிகையால் பள்ளத்தின் போக்கிலேயே மூன்று நான்கு சுற்று. வேக்வம் இயந்திரம் இருந்தால் உறிஞ்சுங்கள். இல்லையென்றால் வெறும் வடித்த நீரில் இரண்டு முறை அலசி, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். அலசாமல் விடுவதுதான் 'கழுவியும் சத்தம் போகவில்லை' என்பதற்கு முதல் காரணம். அல்ட்ராசோனிக் தொட்டி என்றால் நீர் 35 டிகிரிக்கு மேல் ஏற விடாதீர்கள். தொடர்ந்து ஓட்டினால் தானாகவே சூடாகும்.

78 தட்டுக்கு ஆல்கஹால் சொட்டுக்கூடக் கூடாது. ஷெல்லாக் அதில் கரையும்.

நம் கடலோர ஊர்களின் ஈரத்தில் பிளாஸ்டிக் உறை தேர்வு முக்கியம். மென்மையான பிவிசி வெளியுறை ஆண்டுக்கணக்கில் தட்டோடு ஒட்டிக் கிடந்தால் வினைலில் பால்படிந்த மாதிரி மங்கல் விழும், அது ஒலியிலும் கேட்கும். பாலிப்ரொப்பிலீன் வெளியுறை, எச்டிபிஇ உள்ளுறை. உள்ளே ஈரம் அடைபடாமல் வெளியுறையின் வாயைத் திறந்தே வையுங்கள். ஒட்டி மூடும் வகை மழைக்காலத்தில் பூஞ்சைப் பண்ணை. அட்டையின் லேமினேஷனுக்கு அடியில் பூஞ்சை போய்விட்டால் எடுக்க வழியில்லை. அலமாரியை வெளிச்சுவரை ஒட்டிப் போடாதீர்கள்.

சுடர்மாறன்:
கொஞ்சம் விலகிப் போகிறேன். ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோ நாகஸ்வரம் கற்று ரெக்கார்டுகளிலும் வாசித்தவர் ஆயிற்றே. கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்க்கஷனோடு அவர் செய்த 1983 இசிஎம் கம்பெனித் தட்டு 'ஜ்யோதி' பற்றி இங்கே யாரும் எழுதவில்லையா?

மோனோவாதி:
தனி இழை போடுங்கள், வருகிறேன். அதற்கு மோனோ பொத்தான் தேவையில்லை.

புதுஊசி:
விற்பவரிடம் காது இல்லாததைச் சொன்னதும் விலையைப் பாதிக்கும் கீழே இறக்கிவிட்டார். கடைசிப் பாட்டின் ஒலியும் அனுப்பினார், ட்ரம்பெட் கிழியவில்லை. கேட்பதற்குத்தான் வாங்குகிறேன், ஆகவே எடுக்கிறேன். அனுப்பும்போது என்ன சொல்ல வேண்டும்?

ஓரச்சுழல்:
தட்டை அட்டைக்கு வெளியே எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உள்ளேயே இருந்தால் பெட்டி ஒருமுறை கீழே விழுந்தால் போதும், தட்டின் விளிம்பு அட்டையின் கீழ்த் தையலைக் கிழித்துக்கொண்டு வரும். உள்ளுறையோடு தட்டு, பக்கத்தில் வெற்று அட்டை, இரண்டும் ஒரே வெளியுறையில். முன்னும் பின்னும் தட்டைவிடப் பெரிய நெளியட்டை இரண்டிரண்டு, நெளிவின் திசை ஒன்றுக்கொன்று குறுக்காக. மூலைகளில் இரண்டு சென்டிமீட்டர் வெற்றிடம். பார்சல் வந்ததும் வெயிலில் நின்ற பெட்டியை உடனே பிரிக்காமல் படுக்கைவாட்டில் வைத்து ஆறவிட்டுப் பிறகு பிரியுங்கள். ஓட்டும் முன் ஈரத்துணி சொன்னபடி கழுவுங்கள்.